மானிப்பாய் மருத்துவர்

ஊரில் பேதி கண்டுவிட்டது என்றால் முதலில் மூடப்படுவது அண்டை வீட்டுக் கதவு. வீட்டார் ஓடுவது கோயிலுக்கு, அங்கிருந்து மந்திரிப்பவனிடம். பொழுது சாய்வதற்குள் நோயாளியின் கண்கள் குழி விழுந்துவிடும். கைகால் நரம்புகள் சுண்டி இழுக்கும். உடல் சில்லிட்டுப் போகும். மறுநாள் பாடை கட்டுவார்கள். அதற்கு மறுநாள், தூக்கிச் சென்றவர் வீட்டிலும் அதே கதை. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இதுதான் நடைமுறை. கடலுக்கு இப்பால் நம் தஞ்சையும் மதுரையும் மட்டும் என்ன வாழ்ந்தன!

வேதனை என்னவென்றால், மானிப்பாயைச் சுற்றியிருந்த ஊர்களில் மருத்துவர் இல்லாமல் மக்கள் சாகவில்லை. மருத்துவர் இருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடந்தே போகக்கூடிய தொலைவு. ஆனாலும் பலர் போகவில்லை. போனவர்களும் எல்லாக் கைமருந்தும் பொய்த்த பிறகு, கடைசி மூச்சு இழுக்கும்போது போனார்கள்.

ஏன் போகவில்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போவது படித்த பெருமக்களின் வழக்கம். கொஞ்சம் உழைப்பாளியின் இடத்தில் நின்று பாருங்கள், தோழர்களே! மருத்துவர் வெள்ளைக்காரர். அவர் தரும் மருந்துக்கு வாயில் நுழையாத பெயர். கத்தி வைத்திருக்கிறார். உடம்பில் என்ன கோளாறு, எதற்காகக் கீறுகிறார், எத்தனை நாளில் ஆறும் என்று கேட்டால் விளங்கும் மொழியில் விடை சொல்வாரா, தெரியாது. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை அந்நிய ஆடவர் முன் கொண்டுபோய்க் கிடத்த எந்த வீடு துணியும்? ஊர்ப் பரியாரியார் (நாட்டு வைத்தியரை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்) தவறே செய்தாலும் நம் பேச்சைப் பேசுகிறார். நாடி பிடித்துப் பார்த்து, பித்தம், வாதம், சூடு என்று நமக்குத் தெரிந்த சொல்லில் நோயைச் சொல்கிறார். தனக்கு வந்த நோயின் பெயரைத் தன் மொழியில் கேட்க விரும்பியது மக்கள் செய்த குற்றமா?

இந்தக் கேள்வியை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒரு அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பது பெயர். யாழ்ப்பாணத்தார் கிறீன் வைத்தியர் என்று எழுதுவார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகர். அதையொட்டிய கிரீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் 1822 அக்டோபரில் அவர் பிறந்தார். வசதியான குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் நியூயார்க் நகரை இன்றைய பெருநகராக ஒன்றிணைத்தவர் என்று புகழப்படுகிறவர். தம்பியும் அங்கேயே தங்கியிருந்தால் கைநிறையக் காசும் பெயரும் வந்திருக்கும். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற அந்த இளைஞர், 1847 ஏப்ரலில் கப்பலேறினார். ஐந்தாறு மாதக் கடற்பயணம். அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து மண்ணில் கால் வைத்தபோது வயது இருபத்தைந்து.

வந்தது மதத்தைப் பரப்ப. அதை மறைப்பானேன்? அமெரிக்க மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கி வந்தது. 1820இலிருந்து பண்டத்தரிப்பில் டாக்டர் ஜான் ஸ்கடர் மருத்துவம் பார்த்தார்; வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் அவர்தான். அவருக்குப் பின் டாக்டர் வார்ட். அடுத்து வந்தவர் கிரீன். நோய் தீர வருவோர் காதில் வேதமும் விழட்டும் என்பது அனுப்பியவர்களின் கணக்கு. கிரீனும் உறுதியான மத நம்பிக்கையுடையவரே. ஆனால் மருந்தை வாங்கிக்கொண்டு மதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அதற்காக அவர் மருந்துக் கதவை மூடியதில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை தமிழ் கற்றது. துரைமார் வேலைக்காரரை ஏவுவதற்குக் கற்கும் தமிழ் அன்று. நோயாளி வலிக்கிறது என்பதற்கும் குத்துகிறது என்பதற்கும் உளைகிறது என்பதற்கும் வேறுபாடு அறியும் தமிழ்.

மருந்துச்சாலையோடு ஒரு வகுப்பும் தொடங்கினார். தனியொரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து ஊருக்கொருவராக அமர்த்திவிட்டால் நோயாளி மானிப்பாய் வரை வரவேண்டியதில்லை; மருத்துவமே அவன் வீட்டு வாசலுக்குப் போய்விடும். நல்ல திட்டம். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து ஆங்கிலம் தெரிந்திருந்த இளைஞர்கள் சேர்ந்தார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நன்றாகவே தேறினார்கள்.

தேறியவர்கள் என்ன ஆனார்கள்?

இங்கேதான் கிரீன் பட்டறிவு பெற்றார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களும் சும்மா இருக்கவில்லை. ஒழுங்கான சம்பளம், ஊரை விட்டால் மதிப்பு. அவன் ஏன் நாவற்குழியிலும் சண்டிலிப்பாயிலும் குந்தியிருந்து பேதிக்கும் பிரசவத்துக்கும் நள்ளிரவில் ஓட வேண்டும்? போய்விட்டான். ஆளை உருவாக்கியது கிராமத்துக்காக. ஆங்கிலம் அவனைக் கிராமத்திலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டது. போகாமல் நின்றவனுக்கும் ஒரு தடை இருந்தது. தான் கற்றதைத் தன் தாய்க்கு எடுத்துச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. புத்தகத்தில் படித்தது ஒரு மொழி; வீட்டில் பேசுவது வேறு மொழி. நோயாளியிடம் சீசாவை நீட்டலாம். விளக்கம் நீட்ட முடியாது.

இது நூற்றாண்டுக்கு முந்திய சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்றைக்கும் அரசு மருத்துவமனை வாசலில், ஒரு நாள் கூலியை இழந்து வந்து நிற்கும் தொழிலாளியின் கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வழியில் போகிற மாணவனை நிறுத்திக் கேட்கிறார். கேட்டதற்கு விடை கிடைக்காவிட்டால் அடுத்த முறை வருவாரா? வரமாட்டார். வலி பொறுக்க முடியாமல் போகும்வரை கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவார்.

கிரீன் முடிவு செய்தார்: மருத்துவத்தைத் தமிழில் கற்பிப்பது, தமிழில் எழுதுவது, தமிழில் அச்சிடுவது.

மேலிடத்தின் காற்றும் அப்போது திரும்பியிருந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் வேதம் சொல்ல வராமல் வேலைக்குப் போகிறார்களே என்று வருந்திய அமெரிக்கத் தலைமை, 1855இல் ஒரு குழுவை அனுப்பி வட்டுக்கோட்டைச் செமினரியையே மூடிவிட்டது. அவர்களுக்கு உள்ளூர் மொழி போதும் என்றால் போதகர்களை ஆக்க. அதற்கு மேல் அறிவு எதற்கு என்ற எண்ணம். கிரீனுக்கோ உள்ளூர் மொழி என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை முழு மருத்துவமும் அந்த மொழியில். இரு தரப்பும் தமிழ் என்றுதான் சொன்னார்கள், இரண்டும் ஒன்றல்ல.

பெரிய நூல்களைப் பற்றியே பலரும் பேசுவதால் அவருடைய சிறு பிரசுரங்கள் மறந்துபோகின்றன. எனக்கென்னவோ அவைதான் முதலிடத்துக்கு உரியவை. பேதி பரவிய காலத்தில், அது எப்படி வருகிறது, கண்டவுடன் என்ன செய்வது என்று எளிய தமிழில் துண்டுத்தாள் அச்சிட்டுப் பரப்பினார். கண், காது, கை, கால், தோல் என்று ஒவ்வோர் உறுப்பையும் பற்றிச் சின்னஞ்சிறு வெளியீடுகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் ஒன்று கொடுத்தால் அது வீட்டுத் திண்ணையில் உரக்கப் படிக்கப்படும். எழுத்தறியாத பாட்டியும் கேட்பாள். மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறவர் வீட்டுக்கு மருத்துவமனை தாளாக மடிந்து போய்ச் சேர்ந்தது!

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் இருந்த வைத்தியமெல்லாம் இன்றைய கணக்கில் சரியானதல்ல. காலராவுக்குக் காரணம் அழுகல் காற்று என்றுதான் மேல்நாட்டுப் பேராசிரியர்களே அன்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். குடிதண்ணீரில்தான் குற்றம் என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் எடுத்துக்காட்டியபோதும் அவர் பேச்சை உடனே ஏற்றவர்கள் குறைவு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம் என்பது 1960களின் இறுதியில்தான் உறுதிப்பட்டது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் அது ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆகவே கிரீனின் மருந்துப் பெட்டியில் எல்லா நோய்க்கும் விடை இருந்ததாக நினைக்க வேண்டாம். ஆனால் நோய் ஆத்தாளின் கோபமல்ல, அதற்கு உலகத்துக் காரணம் உண்டு, தொடக்கத்திலேயே கவனித்தால் பிழைக்க வழியுண்டு என்ற மூன்று செய்திகளைத் தமிழில் வீடுவீடாகச் சேர்த்தாரே, அதை எந்த ஆராய்ச்சியும் பின்னால் பொய்யாக்கவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். 1850களின் தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பில் இறங்கினார். 1857இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, உடலின் அமைப்பு, இயக்கம், உடல்நலம் மூன்றையும் சொல்லும் நூல். மற்றது பிரசவ வைத்தியம். தொடக்கத்திலேயே பேறுகாலத்தைப் பற்றிய நூலைத் தேர்ந்தாரே, அதைக் கவனியுங்கள்! ஆடவ மருத்துவரிடம் வரமாட்டாள் அந்தப் பெண். சரி, அவளிடம் போகக்கூடியவர்கள் கைக்கு அந்த அறிவு தமிழில் போகட்டும்.

உடல் தளர்ந்து அவர் தாயகம் திரும்பினார். 1862இல் மணம் முடித்துக்கொண்டு, மனைவி மார்கரெட் அம்மையாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். வந்தபின் 1860களின் நடுவிலிருந்து வகுப்பே முழுக்கத் தமிழில் நடந்தது. எலும்பையும் நரம்பையும் பிணத்தையும் கத்தியையும் முன்னே வைத்துத் தமிழில் பாடம்!

தமிழில் முடியுமா என்று ஏளனம் பேசுவோர் எந்தக் காலத்திலும் உண்டே. சொல் எங்கே இருக்கிறது என்பார்கள். கிரீன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, சொல் தேடப் புறப்பட்டார். அவர் வகுத்துக்கொண்ட முறை எளியது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று பார். நாட்டு வைத்தியரிடமும் ஏட்டிலும் இல்லையென்றால் வடமொழியில் பார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதித் தமிழ் உடை உடுத்து. இப்படித் திரட்டிய சொற்களை அகராதிப் பட்டியல்களாகவும் அச்சிட்டார்.

அந்தச் சொற்களை இன்று படித்தால் நமக்குச் சிரிப்பு வரலாம். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலின் இயக்கத்துக்குச் சுகரணம், வேதியியலுக்குக் கெமிஸ்தம். வடமொழி வாடை தூக்கலாகத்தான் இருக்கிறது. தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய தமிழ் அது. அக்காலப் பண்டிதர்களே அப்படித்தான் எழுதினார்கள். வேதியியல் என்ற அழகான சொல் நமக்குப் பின்னால் கிடைத்தது. ஆனால் பாதையில் முதலில் முள் வெட்டியவனைப் பார்த்து, ஏன் தார் போடவில்லை என்று கேட்கலாமா?

1867இல் இரண வைத்தியம் வந்தது. அறுவை மருத்துவம் முழுவதையும் சொல்லும் நூல். கிருமி நாசினியால் புண்ணைக் காக்கும் முறையை லிஸ்டர் பிரிட்டனில் வெளியிட்டதும் அதே 1867இல்தான். லண்டனில் 1858இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழாயிற்று. பதினான்கே ஆண்டு! அதே ஆண்டில் பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம் என்ற பெருநூல். 1875இல் கெமிஸ்தம், நம் நாகர்கோயில் அச்சகத்தில் அச்சாயிற்று. 1883இல் மனுஷ சுகரணம். நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றிய இந்து பதார்த்த சாரமும் உண்டு. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இன்றைய பல்கலைக்கழகம் ஒன்று துறை வைத்து, நிதி வைத்து, குழு வைத்துச் செய்கிற வேலை!

தனியாகச் செய்தாரா? இல்லை. முதல் படியை அவருடைய மாணவர்கள் எழுதினார்கள். அவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். டான்போர்த், சாப்மன், பால் ஆகியோர் அவர்களில் சிலர். பெயரைப் பார்த்து வெள்ளையர் என்று எண்ணிவிடாதீர்கள், அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளியின் பெயரை அவன் தலையில் சூட்டிவிடுவது அங்கே வழக்கம். கிரீனுக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. மதம் மாறியவனும் தன் பெயரையும் வேட்டியையும் மாற்ற வேண்டியதில்லை, தமிழன் தமிழனாகவே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. சட்டையும் காலுறையும் அணிந்த மருத்துவனைக் கண்டு ஒதுங்கி நிற்கும் கிராமத்தான், வேட்டி கட்டியவன் பக்கத்தில் வந்து உட்காருவான் அல்லவா?

இரண்டு தவணையாக இருபதாண்டுக்கு மேல் உழைத்து அவர் பயிற்றிய மருத்துவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் முப்பத்து மூவர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள். ஆங்கில வகுப்பு ஆட்களை உத்தியோகத்துக்கு அனுப்பியது. தமிழ் வகுப்பு அவர்களைக் கிராமத்திலேயே நிறுத்தி வைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். 1866-67இல் யாழ்ப்பாணத்தைப் பெரும் பேதி கவ்வியபோது இப்படிப் பயின்றவர்கள் எத்துணை தேவைப்பட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் அரசாங்க ஏஜெண்டாக நெடுங்காலம் இருந்த டைக் அந்த 1867இல்தான் இறந்தார். பேரிருள் சூழ்ந்த ஆண்டு அது.

ஆனால் கதை முழு வெற்றியாக முடியவில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது, பாடம் ஆங்கிலத்தில். பட்டமும் பதவியும் அந்த வாசலில் கிடைக்கையில் மானிப்பாய்த் தமிழ் வகுப்பை யார் ஆதரிப்பார்? 1873இல் உடல்நலம் கெட்டு கிரீன் நாடு திரும்பினார். அவர் போன பிறகு தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழால் முடியாமல் போனதா? முடிந்தது என்பதற்கு முப்பத்து மூன்று பேர் சாட்சியாக ஊரில் இருந்தார்கள். அரசாங்கத்தின் ஆதரவு வேறு பக்கம் போயிற்று, அவ்வளவுதான்.

ஊருக்குப் போய் ஓய்ந்து உட்கார்ந்தாரா? கிரீன் ஹில் வீட்டில் பனி கொட்டும் குளிர்காலத்தில், கடல் கடந்து வந்த தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் தமிழ் பேச ஆளில்லாத ஊரில், தமிழ்ப் பிழை பார்த்தபடி பத்தாண்டுகள்! திருத்திய தாள் மறுபடி கப்பலேறி வர வாரக்கணக்கில் ஆகும். மனுஷ சுகரணம் வெளியானது அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்தாண்டு கழித்து.

1884இன் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் உலகுக்கு ஒரு செய்தி அனுப்பினார். காலராவைத் தோற்றுவிக்கும் கிருமியை, வளைந்த புள்ளி போன்ற அந்த நுண்ணுயிரை, நோயாளிகளிடமும் குளத்து நீரிலும் கண்டுவிட்டதாக. ஆத்தாளுமல்ல, அழுகல் காற்றுமல்ல. அதே ஆண்டு மே 28ஆம் நாள் கிரீன் ஹில்லில் டாக்டர் கிரீன் கண்மூடினார். வயது அறுபத்தொன்று.

மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு மருத்துவமனை நிற்கிறது. வூஸ்டர் இடுகாட்டில் அவர் கல்லறையின் மேல், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற வரியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.